தீவுக்கடலில் எடுக்கிற கணக்கெல்லாம் எங்கே போகிறது?

வேம்பார்_வள்ளம் (பதிவு 1)

வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போவதோடு சரி, இன்றுதான் முதல் தடவையாக ஒரு இழை தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. வேம்பாரில் வள்ளம் வைத்திருக்கிறார், இன்னும் வாரத்தில் நாலு நாள் கடலுக்குப் போகிறார். நான் சென்னையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பெண்ணும் ஒரு பையனும் டேப்லெட்டோடு கரைக்கு வந்தார்கள். எந்த மீன், எத்தனை கிலோ, எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் வலை விட்டீர்கள், இருபது வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று முக்கால் மணி நேரம் கேட்டார்கள். வலையில் சிக்கெடுத்துக்கொண்டே அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவர்கள் போன பிறகு, "இது எத்தனையாவது ஆள்?" என்று கேட்டேன். "எண்ணுறத விட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். நான் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறார்களாம். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து, "அன்றைக்கு நீங்கள் சொன்னதில் இது தெரிந்தது" என்று சொன்னதில்லையாம்.

யாருடைய பெயரையும் இழுக்க நான் வரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்வாழ் தேசியப் பூங்கா என்றார்கள். 1989ல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் என்றார்கள். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. இவ்வளவு பேர் எண்ணியதில் என்ன தெரிந்தது? அதை வைத்து யாராவது ஒரு முடிவாவது எடுத்தார்களா? இல்லை, ஆளாளுக்கு ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு போனதோடு சரியா?

சும்மா_ஒருத்தன் (பதிவு 2)

பட்டம் வாங்கியதோடு சரி. இழையை மூடிவிடலாம் :)

நீரடி_நோட்டு (பதிவு 3)

மூட வேண்டாம். அந்தப் பட்டக் கூட்டத்தில் நானும் ஒருவன்தான், அதனால் திட்டு வாங்கத் தயாராகவே எழுதுகிறேன்.

முதலில் எப்படி எண்ணுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன், பாதி சந்தேகம் அதிலேயே தீரும். இருபது மீட்டர் நாடா. அதைப் பாரின் மேல், அதாவது கடலுக்கடியில் இருக்கிற பவளத்திட்டின் மேல், கரைக்கு இணையாக விரித்துக் கட்டுவோம். முதுகில் காற்றுச் சிலிண்டர், கையில் பிளாஸ்டிக் பலகை, அதில் நூலால் கட்டிய பென்சில். நாடாவுக்கு மேல் குப்புறக் கிடந்தபடி நகர வேண்டும். நாடாவுக்கு அடியில் எங்கே உயிருள்ள பவளம் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதற்கப்புறம் செத்த பவளமா, பாசியா, மணலா என்று சென்டிமீட்டர் கணக்கில் குறித்துக்கொண்டே போக வேண்டும். சிலிண்டரில் காற்று இருக்கும்போதே முடிக்க வேண்டும், அலை ஆளைத் தூக்கி நாடாவை விட்டுத் தள்ளிப் போடும், பென்சில் முனை உடையும். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் வேலையே கிடையாது, நீட்டிய கையின் விரல் தெரியாது.

இப்படி ஒரு நாளில் எடுத்த கணக்குக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், தனியாக ஒரு மதிப்பும் இல்லை. அதே இடத்தில், அதே முறையில், வேறு வேறு ஆட்கள் வருஷக்கணக்காக எடுத்தால்தான் அது பேசும். தூத்துக்குடியில் இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2000களின் நடுவிலிருந்து விடாமல் எடுத்து வருகிறார்கள். 2009ல் வளைகுடாவில் உயிருள்ள பவளம் சுமார் 43 சதவீதம். 2010ல் கடல் சூடேறிப் பவளம் நிறமிழந்து வெளுத்தது, குறைந்தது, பிறகு மெல்ல ஏறியது. 2016ல் அதைவிடப் பெரிய வெளுப்பு. அது முடிந்து எண்ணியபோது சுமார் 23. 2009 கணக்கு கையில் இல்லையென்றால் 2016ல் நடந்ததை எங்களால் நிரூபித்திருக்கவே முடியாது. "இங்கே எப்பவுமே இவ்வளவுதான் இருந்தது" என்று யாராவது சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்போம்.

முடிவு எடுத்தார்களா என்று கேட்டீர்கள். வான் தீவைப் பாருங்கள். 1969ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த தீவு, 2015ல் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. ஐஐடி மெட்ராஸ்காரர்கள் வடிவமைத்துக் கொடுத்தார்கள், பவளம் தெரிந்தவர்கள் இடம் சொன்னார்கள், அரசு பணம் போட்டது. ஓட்டை ஓட்டையாக இருக்கிற கான்கிரீட் செயற்கைப் பார்களைப் பத்தாயிரத்துக்கும் மேல் தீவுக்கு முன்னால் இறக்கினார்கள். அலை அதில் மோதி வேகம் குறைந்தது, தீவு கரைவது நின்று மணல் சேர ஆரம்பித்தது. கான்கிரீட்டின் மேல் பவளக்குஞ்சுகளும் ஒட்டின. பொறியாளர் தனியாகச் செய்திருந்தால் வெறும் தடுப்புச் சுவராகியிருக்கும், பவளக்காரர் தனியாகச் செய்திருந்தால் ஆய்வுக் கட்டுரையோடு நின்றிருக்கும்.

ஆனால் உங்கள் அப்பா கேட்டதில் ஒரு வார்த்தையையும் மறுக்க மாட்டேன். நான் ஆறு வருஷம் நாடா பிடித்தேன். ஒரு கிராமத்துக்குக்கூடத் திரும்பிப் போய் முடிவைச் சொன்னதில்லை. திட்டத்தில் அதற்கு ஒரு நாளும் ஒதுக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சும்மா_ஒருத்தன் (பதிவு 4)

சரி, வான் தீவு ஒன்று. இரண்டு தீவு ஏற்கெனவே முங்கிப் போய்விட்டதே, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும்? அப்போது இந்த விஞ்ஞானிகள் எல்லாம் எங்கே நாடா பிடித்துக்கொண்டிருந்தார்கள்?

ஓய்வு_ரோந்து (பதிவு 5)

ரோந்துப் படகில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முங்கியது விஞ்ஞானியால் அல்ல தம்பி. கல் எடுத்ததால். சுண்ணாம்புக் காளவாய்க்கும் சிமெண்டுக்கும் பவளப் பாறையைக் கடப்பாரை வைத்துப் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கொண்டு வந்தார்கள். பார்தான் தீவுக்கு வேலி. வேலியைப் பிடுங்கினால் மணல் நிற்குமா? 2001ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், அப்போதும் திருட்டுத்தனமாக எடுத்தார்கள். சுனாமிக்குப் பிறகுதான் அடங்கியது. தீவு எங்களைக் காப்பாற்றியது என்று கரையில் பேச்சு வந்தது. சட்டத்தைவிட அந்தப் பேச்சு பெரிய வேலை செய்தது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூங்காவின் எல்லை எது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கரைப்பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம், வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம். காட்டில் என்றால் கல் நட்டிருப்பார்கள், மரத்தில் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். இங்கே ஆழம்தான் எல்லை. நீவாடு என்கிற நீரோட்டம் இழுத்தால் வலை தன் பாட்டுக்கு உள்ளே போகும். பிடிக்கப் போனால், "ஐயா, இது ஆறு பாகம்" என்பார்கள். கயிறு விட்டுப் பார்ப்போம். பல நேரம் அவர்கள் சொன்னதுதான் சரி. அடுத்த வருஷம் போனால் அதே இடத்தில் மணல் ஏறி ஐந்தாகியிருக்கும்.

தூண்டில்காரர் (பதிவு 6)

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், கடலோர ஊர். மீன்பிடித் தொழிலெல்லாம் இல்லை, தூண்டில் பைத்தியம் அவ்வளவுதான். முதல் பதிவைப் படித்ததும் இங்கே நடப்பதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

இங்கே 1999ல் ஒரு சட்டம் போட்டு, மாநிலக் கடல் முழுக்க, மீன்பிடிக்கக் கட்டுப்பாடு உள்ள காப்பிடங்களை ஒரே வலையாகக் கோக்க ஆரம்பித்தார்கள். 2012ல் முடிந்தது, மொத்தம் 124. மாநிலக் கடலில் சுமார் 16 சதவீதம். மீனவர்கள் கொதித்துப் போனார்கள். "எங்கள் மீனை எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியுமா?" என்றார்கள். அப்போது மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகமும் கால் பாலி பல்கலைக்கழகமும் ஒரு காரியம் செய்தன. 2006ல் படகுக்காரர்களையும் தூண்டில்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "எப்படி எண்ணினால் நீங்கள் நம்புவீர்கள்?" என்று கேட்டன. அவர்கள் சொன்ன பதில்: எங்கள் படகில், எங்கள் தூண்டிலில், எங்கள் கையால். அப்படியே வைத்துக்கொண்டார்கள். மத்தியக் கடற்கரையின் காப்பிடங்கள் 2007ல் அமலுக்கு வந்தன, எண்ணும் வேலையும் அதே வருஷம் தொடங்கியது. நீரடி சொன்ன அந்த 'முந்தைய கணக்கு' தொடக்கத்திலேயே கையில் இருந்தது.

நான் மூன்று கோடைகாலம் போயிருக்கிறேன். விடிகாலையில் படகு கிளம்பும். கடலை 500 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். அன்றைக்கு எந்தக் கட்டம் என்பதைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி முடிவு செய்வார்கள், மீன் எங்கே கிடைக்கும் என்று மாலுமிக்குத் தெரிந்தாலும் அந்தக் கட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும். எஞ்சினை விட்டுவிட்டு நீரோட்டத்தில் மிதக்க விடுவார்கள். 15 நிமிடம், கடிகாரம் வைத்து. "போடு" என்றால் எல்லாத் தூண்டிலும் இறங்கும், "எடு" என்றால் ஏறும். நான் பிடித்த மீனை ஒரு மாணவி பிடுங்கிக்கொண்டு ஓடுவாள், அளவுப்பலகையில் நீளம் பார்ப்பாள், முதுகில் மெல்லிய அடையாள ஊசி ஒன்றைக் குத்துவாள், திரும்பக் கடலில் விடுவாள். ஆழத்திலிருந்து வந்த மீனுக்கு வயிற்றுக் காற்றுப்பை ஊதிக் கண் பிதுங்கியிருக்கும், அதைச் சும்மா போட்டால் மிதந்து செத்துவிடும். அதனால் எடை கட்டிய கொக்கியில் மாட்டி அடிக்கு இறக்கி விடுவார்கள். வீட்டுக்கு ஒரு மீன் கொண்டுபோக முடியாது. மனைவி இன்னும் கிண்டல் செய்கிறாள்.

காப்பிடத்துக்குள் ஒரு நாள், அதே மாதிரிப் பாறையுள்ள வெளிக்கடலில் ஒரு நாள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் காப்பிடம் வேலை செய்கிறதா என்று தெரியும். முதல் ஏழு வருஷம் புதிய காப்பிடங்களில் சொல்லிக்கொள்கிற மாதிரிப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 1973லிருந்தே மூடிக் கிடக்கிற பாயிண்ட் லோபோஸில் மட்டும் மீன் பெரிது பெரிதாக வந்தது. இங்குள்ள பாறைமீன்களில் சில நூறு வயது தாண்டுகிறவை, அதற்கு ஏழு வருஷம் ஒரு கணக்கா? அதை மறைக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். பிறகு வருஷம் ஏற ஏற மற்ற இடங்களிலும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. முதலில் திட்டிய மாலுமிகள் சிலர் இப்போது பயணிகளிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். எல்லோரும் இல்லை. ஒருவர் ஒவ்வொரு தடவையும் காப்பிடத்தைத் திட்டிவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்புவார்.

வேம்பார்_வள்ளம் (பதிவு 7)

தூண்டில்காரரே, ஒரு சின்னக் கேள்வி. படகுக்குக் காசு உண்டா?

தூண்டில்காரர் (பதிவு 8)

உண்டு. தூண்டில் போடுகிற நாங்கள்தான் தொண்டர்கள். படகை முழு நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள், மாலுமிக்கு அது தொழில்.

சும்மா_ஒருத்தன் (பதிவு 9)

பணக்கார ஊர்க் கதை. அங்கே தூண்டில் பொழுதுபோக்கு, இங்கே அடுப்பு எரிய வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விடு என்று தூத்துக்குடியில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

பாசிக்காரி_மகள் (பதிவு 10)

அதெல்லாம் சொல்லாமலே செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள் அண்ணா. பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அம்மா பாசி எடுக்கிறார். விரலில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் சாக்குப் பை கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி. மரிக்கொழுந்துக்குத்தான் நல்ல விலை, அது பாறையில் ஒட்டிக்கொண்டு வளரும், கையால் பிய்த்து எடுக்க வேண்டும். சாயங்காலம் வந்தால் விரல் நுனியெல்லாம் கீறியிருக்கும், அதோடு எப்படிச் சோறு பிசைகிறார் என்று சின்ன வயதில் எனக்கு ஆச்சரியம்.

தீவைப் பூங்கா என்று அறிவித்தபோது இந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. முன்பு தீவில் தங்கிப் பாசி காயவைத்த இடம் ஒரே நாளில் தடை செய்யப்பட்ட இடமாகிவிட்டது. பிறகு இவர்களே கூடிப் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் போவது. இரும்பால் சுரண்டுவது இல்லை. விசைப்படகுக்குத் தடைக்காலம் வரும்போது நாமும் நிறுத்திவிடுவது. சுரண்டினால் வேர் போய்விடும், மறுபடி முளைக்காது என்று அவர்களுக்கு எந்த நாடாவும் சொல்லித் தரவில்லை. சின்னப்பாலத்து லட்சுமி அக்காவுக்கு 2015ல் அமெரிக்காவில் சீகாலஜி பரிசு கொடுத்தார்களே, அது இந்தக் கட்டுப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் என்று எங்கள் ஊரில் சொல்வோம்.

இப்போது நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பாசி ஒன்று இருக்கிறது, கப்பாபைகஸ் என்று பெயர், ஊரில் பெப்சி பாசி என்பார்கள். மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது. நிறையக் குடும்பம் அதில் பிழைக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன், என் அத்தையும் வளர்க்கிறார். அது மிதவையை விட்டுத் தப்பிக் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்திருக்கிறது என்று 2008ல் ஆய்வுக் கட்டுரை வந்து பெரிய செய்தியானது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இத நாங்க முன்னாடியே பாத்துட்டோமே" என்றார். பவளத்தின் மேல் பாய் விரித்த மாதிரி கிடந்ததாம், இழுத்தால் கையோடு வருமாம், அடுத்த வாரம் போனால் மறுபடி கிடக்குமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யார்ட்ட சொல்ல?"

எனக்கு அந்த இரண்டு வார்த்தைதான் இந்த இழை.

நீரடி_நோட்டு (பதிவு 11)

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே தோன்றவில்லை.

எங்கள் பக்கத்து ஓட்டையைத் திறந்தே காட்டிவிடுகிறேன். 1947ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆரம்ப காலத்தில் நம் மண்டபத்தில்தான் இருந்தது. இறங்குதளத்தில் மீன் எண்ணுகிற முறையை உருவாக்கி, நாடு முழுக்க இன்றுவரை எண்ணுகிறார்கள், அந்தத் தொடர்ச்சிக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் அது கரையில் எண்ணுவது. எந்தத் துறையில் எத்தனை கிலோ இறங்கியது என்று சொல்லும், எந்தப் பாரில் பிடித்தது என்று சொல்லாது. நாங்கள் பாரில் எண்ணுகிறோம், அங்கே யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வனத்துறையிடம் ரோந்துக் குறிப்பு இருக்கிறது, அது வேறு அலமாரி. கடலின் சூட்டை அளப்பவர்கள் இன்னொரு ஊரில் செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாலையும் ஒரே மேசையில் வைத்தால்தான் "இந்தப் பாரில் மீன் குறைந்தது வெளுப்பினாலா, விசைப்படகு இழுக்கிற இழுவை மடி வலையினாலா?" என்று கேட்கவே முடியும். சேர்ந்து ஆய்வு செய்வது என்று மாநாட்டில் எல்லோரும் பேசுவார்கள். நடைமுறையில் அது ஒருத்தர் எக்செல் கோப்பில் தீவின் பெயரை எப்படி எழுத்துக்கூட்டியிருக்கிறார் என்பதில் போய் முட்டும். காரைச்சல்லியை நாலு விதமாக எழுதிய நாலு கோப்பைச் சேர்க்க நான் ஒரு மாதம் தொலைத்திருக்கிறேன்.

உலக அளவில் சேர்த்துப் பார்த்ததும் உண்டு. உலகப் பவளத்திட்டுக் கண்காணிப்பு வலையமைப்பு 2021ல் ஒரு அறிக்கை விட்டது. 73 நாடுகள், 12,000க்கும் மேற்பட்ட இடங்கள், நானூறு நாடா, ஐந்நூறு நாடா இல்லை, ஏறக்குறைய இருபது லட்சம் பதிவுகள். 2009க்கும் 2018க்கும் நடுவில் உலகம் 14 சதவீதப் பவளத்தை இழந்தது என்று அதில்தான் தெரிந்தது. அதற்குள் எங்களைப் போன்றவர்கள் பிடித்த நாடாக்களும் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கின்றன.

வடமராட்சிக்_கரை (பதிவு 12)

நான் இலங்கைக் கரையில இருந்து எழுதுறன். உங்கட மன்னார் வளைகுடாவின்ர மற்றப் பாதி எங்களிட்ட இருக்கு எண்டதை ஒருத்தரும் சொல்லேல்லை, அதுதான் வந்தனான்.

1974இலயும் 1976இலயும் ரெண்டு அரசும் கடலில கோடு கீறினவை. மீனுக்கும் ஆவுளியா எண்ட கடற்பசுவுக்கும் அந்தக் கோடு தெரியாது. கடலட்டையை எடுங்கோ. உங்கட பக்கம் 2001இல இருந்து தொடவே கூடாது, சட்டம். எங்கட பக்கம் அனுமதிப் பத்திரம் எடுத்துச் சுழியோடிப் பிடிக்கலாம், பண்ணை போடலாம். ஒரே அட்டை, ஒரே கடல். அங்க களவாப் பிடிச்சது இங்க வந்தா நல்ல சரக்கு. இதை எந்த ஆராய்ச்சிக்காரர் தனிய ஒரு பக்கம் நிண்டு எண்ணிச் சொல்லுறது?

கற்பிட்டிக்கு அங்கால எங்களுக்கும் ஒரு பார் இருக்கு, 1992இல சரணாலயமாக்கினது. 1998 வெளுப்பில கிட்டத்தட்ட முழுக்கச் செத்துப் போச்சு. பிறகு மெல்ல மெல்லத் தழைச்சுது, 2016இல திரும்ப வெளுத்துது. நீரடி சொன்ன உங்கட 2016 கணக்கையும் எங்கட 2016 கணக்கையும் பக்கத்தில வச்சுப் பாத்தா எவ்வளவு விளங்கும்! வங்கக் கடலைச் சுத்தி இருக்கிற எட்டு நாடுகள் சேந்து 2009இல இருந்து சில வருசம் ஒரு பெரிய திட்டம் நடத்தினவை, மன்னார் வளைகுடாவை ரெண்டு நாடும் சேந்து பாக்கிற வேலையும் அதில இருந்தது. திட்டம் முடிய, கூட்டமும் முடிஞ்சுது.

அதோட ஒண்டு. பாக்கு நீரிணையில உங்கட றோலர் (இழுவைப்படகு) வந்து அடிமட்டத்தை வழிச்சுக்கொண்டு போறதை வச்சுக்கொண்டு பாதுகாப்பைப் பற்றிக் கதைக்கிறது எங்கட சனத்துக்கு நோகும். இழுவை மடியை நாங்கள் 2017இல சட்டம் போட்டுத் தடை செய்தனாங்கள்.

சும்மா_ஒருத்தன் (பதிவு 13)

ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஆளைச் சுட்டதையும் படகைப் பிடித்து ஏலம் போட்டதையும் யார் பேசுவது?

மட்டுறுத்துநர் (பதிவு 14)

அந்தப் பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது, நானூறு பதிவு தாண்டி ஓடுகிறது. இங்கே வேண்டாம். இரண்டு தரப்புக்கும்தான்.

வேம்பார்_வள்ளம் (பதிவு 15)

வடமராட்சி ஐயா, எங்கள் அப்பா வள்ளக்காரர். விசைப்படகின் மடியால் நீங்கள் படுகிற பாட்டை அவரும் இக்கரையிலேயே படுகிறார். நீங்கள் எழுதியதை ஃபோனில் வாசித்துக் காட்டினேன். "சரியாத்தான சொல்றாரு" என்றார். அவ்வளவுதான், சும்மா ஒருத்தர் கோபிக்க வேண்டாம்.

வடமராட்சிக்_கரை (பதிவு 16)

ஐயாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.

தூண்டில்காரர் (பதிவு 17)

பாசிக்காரி மகள் எழுதிய "யார்ட்ட சொல்ல" மனதில் நிற்கிறது. அதற்கு இங்கே ஒரு கதை உண்டு.

இந்தக் கடற்கரையில் அலை ஏறி இறங்குகிற பாறைகளை எண்ணுவதற்கென்றே பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் தொண்டர்களும் சேர்ந்த ஒரு வலையமைப்பு இருக்கிறது. மேலே அலாஸ்காவிலிருந்து கீழே மெக்சிகோ வரை, எல்லா இடத்திலும் ஒரே முறை, ஒரே படிவம். சலிப்பான வேலை. வருஷா வருஷம் அதே பாறையில் அதே நட்சத்திர மீனை எண்ணுவது. 2013ல் நட்சத்திர மீன்கள் திடீரென்று கரைய ஆரம்பித்தன. கை கழன்று தனியாக ஊர்ந்து போகும், உடம்பு கூழாகும். ஒரு ஊரில் மட்டும் பார்த்திருந்தால் ஏதோ சாக்கடை நீர் கலந்துவிட்டது என்று விட்டிருப்பார்கள். படிவம் ஒன்றாக இருந்ததால், கடற்கரை முழுக்க ஒரே சமயத்தில் சாகிறது என்பது சீக்கிரமே வெளிச்சமாகிவிட்டது. சூரியகாந்தி நட்சத்திரம் என்ற பெரிய இனம் ஏறக்குறைய அற்றுப்போனது, அதனிடமிருந்து தப்பிய கடல் முள்ளெலிகள் பெருகி, வட கலிஃபோர்னியாவில் கெல்ப் என்ற பெரிய கடற்பாசிக் காட்டை மொட்டையடித்தன. என்ன நோய் என்று கண்டுபிடிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆனது, 2025ல்தான் விப்ரியோ வகைப் பாக்டீரியா என்று உறுதி செய்தார்கள். நோய் தெரியாமல் இருந்த அத்தனை வருஷமும், எங்கே எவ்வளவு மிச்சம் என்பதை இந்தப் பாறை எண்ணுகிறவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு இணையப் பக்கம் உண்டு, கடற்கரையில் நடக்கப் போனவர்கூட, "நான் ஒன்று பார்த்தேன்" என்று பதிவு செய்யலாம்.

அம்மாவின் பாசிக்கும் அப்படி ஒரு இடம் இருந்திருந்தால்?

ஓய்வு_ரோந்து (பதிவு 18)

ஆவுளியாவுக்கு அந்த மாதிரி ஒன்று செய்தார்கள். இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் வந்து மீனவர்களையே தொண்டர்களாகச் சேர்த்தார்கள். எங்கே பார்த்தாய், குட்டியோடா, என்ன நேரம் என்று கேட்டுக் குறித்தார்கள். வலையில் மாட்டியதை விட்டுவிட்டால் பாராட்டும் கொடுத்தார்கள். எங்கள் காலத்தில் ஆவுளியா கறி என்பது ரகசியமாகப் பங்கு போடுகிற விஷயம், இப்போது பையன்கள் வலையை அறுத்து விட்டுவிட்டு வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தபோது, கரையில் பெரிய எதிர்ப்பு கிளம்பும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. கடல்தாழைப் புல் எங்கே அடர்த்தியாக இருக்கிறது, ஆவுளியா எங்கே மேய்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களும் சேர்ந்து சொன்ன சேதி, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வலை அறுந்த நஷ்டம் வேறு கதை.

நீரடி_நோட்டு (பதிவு 19)

வேம்பார் தம்பி, ஒன்று கேட்கலாமா? உங்கள் அப்பாவுக்குப் பார்களின் பெயர் தெரியும் இல்லையா? நாங்கள் வைத்திருக்கிற வரைபடத்தில் தீவுகளைச் சுற்றித்தான் குறி இருக்கிறது. வெளியே, ஏழெட்டுப் பாகத்தில் இருக்கிற பார்களில் பலவற்றுக்கு எங்களிடம் எண் மட்டும்தான்.

வேம்பார்_வள்ளம் (பதிவு 20)

நேற்று ராத்திரி ஒன்றரை மணி நேரம் ஃபோனில் கேட்டு எழுதினேன். பதினான்கு பார் சொன்னார். அதில் மூன்றில் இப்போது மீன் இல்லையாம், ஒன்று மணல் மூடிவிட்டதாம், ஒன்றில் போன வருஷம் வெயிலில் கல்லெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகக் கிடந்ததாம். இதை யாரும் இதுவரை அவரிடம் கேட்கவில்லையாம். கிலோ எவ்வளவு என்றுதான் கேட்பார்களாம்.

இடம் எப்படிச் சொல்வது என்றேன். அவரிடம் ஜிபிஎஸ் கிடையாது, கணியம்தான். அந்த வெள்ளையாய்க் கிடந்த பாருக்கு இப்படிச் சொன்னார்: கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் நிற்கிற ஒற்றைப் பனையும் ஒரே நேராகத் தெரிய வேண்டும், மேற்கே உப்பளத்து ஓட்டுக் கட்டடம் சவுக்குத்தோப்பின் முனையில் ஒட்ட வேண்டும். இரண்டும் சேருகிற இடத்தில் நங்கூரம் போட்டால் பார் மேல் நிற்கலாம்.

ஒற்றைப் பனையை வெட்டி நாலு வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது மாடி வீடு. "அப்புறம் எப்படிப் போறீங்க?" என்றேன். "பனை இருந்த எடம் தெரியும்ல" என்றார்.

நீரடி_நோட்டு (பதிவு 21)

நான் வருகிறேன். பூங்கா எல்லைக்கு வெளியே என்பதால் கடற்பரப்பை மேலிருந்து பார்த்துக் குறிப்பதில் சிக்கல் இருக்காது, இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். கச்சான் கிளம்புவதற்கு முன்னால், மார்ச் கடைசிக்குள். என்னிடம் ஜிபிஎஸ் இருக்கிறது, நாடா இருக்கிறது. பதினான்கையும் அவர் வைத்த பெயரிலேயே குறிக்கிறேன். எழுத்துக்கூட்டும் அவர் சொன்னபடியே. முடிந்ததும் பெரிய தாளில் அச்சடித்து ஏலக்கூடத்தில் ஒட்டிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவேன். இந்தத் தடவை அதற்கு ஒரு நாள் ஒதுக்கிவிட்டேன்.

பாசிக்காரி_மகள் (பதிவு 22)

ஒரு தாள் கூட அச்சடித்துப் பாம்பனுக்கும் அனுப்புங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், அம்மாவுக்குக் கண் மங்கல்.

வேம்பார்_வள்ளம் (பதிவு 23)

சொல்லிவிட்டேன். வரட்டும் என்கிறார். பதினான்கு பாருக்கும் போய்வர இரண்டு நாள் ஆகும், அந்த இரண்டு நாளும் வலை விட முடியாது. டீசல் காசும் கூட வருகிற ஆளின் கூலியும் யார் கொடுப்பது என்று கேட்கச் சொன்னார்.